நம்பர் 388

“உங்க மெம்பர் நம்பரை என் பேருக்கு மாத்திக் குடுங்கப்பா.”

கேட்டுவிட்டேன். எதை வேண்டுமானாலும் கேள், மாட்டையும் நிலத்தையும் பால் சொசைட்டி நம்பரையும் மட்டும் உன் அப்பாவிடம் கேட்காதே என்று எனக்குப் பல் முளைத்த நாளிலிருந்து அம்மா சொல்லி வந்திருக்கிறாள். பெண் இன்னொரு வீட்டுக்குப் போகிறவள். அவள் கையில் கொடுத்தது அவளோடு போய்விடும். இதுதான் காரணமாம். நான்கு வருடம் பல்கலைக்கழகத்தில் பால் தொழில்நுட்பம் படித்தேன். எங்கள் குடும்பத்தில் அந்த வாசலை மிதித்த முதல் ஆள் நான். இந்தக் காரணத்தை அங்கே யாரும் எனக்கு விளக்கவில்லை.

அம்மா கறந்து வைத்த காலைப் பாலை அப்பா கேனில் ஊற்றிக்கொண்டிருந்தார். ஊற்றுவது நிற்கவில்லை. கடைசிச் சொட்டு வரை ஊற்றி, மூடியை அழுத்தி, விளிம்பைத் துணியால் துடைத்தார்.

“பொண்ணுக்கு மாடு குடுக்கறதில்ல, ஜெரோனோ. பொண்ணைக் கட்டறவன்தான் நம்ம வீட்டுக்கு மாடு ஓட்டிட்டு வரணும்.”

“சரி, எனக்கு வரப்போற மாட்டுக்கு முன்பணமா நினைச்சுக் குடுங்க.”

இரண்டாவது பசுவின் கீழே உட்கார்ந்திருந்த அம்மாவின் கை ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி சர்ர், சர்ர்.

“நீ ஒண்ணும் கேக்கல,” என்றார் அப்பா. “என் காதுலயும் ஒண்ணும் விழல.”

போன வாரம் நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டதன் பலன் இது. எங்கள் வட்டத்தின் பால் சொசைட்டி இயக்குநர் அரப் மெலி கூட்டத்தில் எழுந்து, புதிதாகக் குளிரூட்டும் தொட்டி வந்துவிட்டது, அடுத்த மாதத்திலிருந்து சாயங்காலமும் டிராக்டர் வந்து பால் எடுக்கும் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் மட்டும் எழுந்து, “காலைப் பால் அப்பாங்க நம்பர்ல போகுது. சாயங்காலப் பால் யார் நம்பர்ல போகும்?” என்று கேட்டேன்.

எங்கள் மலையில் காலைப் பால் புருஷனுடையது, சாயங்காலப் பால் பெண்டாட்டியுடையது. யாரும் எழுதி வைத்ததில்லை, யாரும் மீறியதும் இல்லை. அந்தச் சாயங்காலப் பாலில் பிள்ளைகள் குடித்தது போக மிச்சத்தை விற்றுத்தான் எங்கள் அம்மாக்கள் உப்பும் சோப்பும் நோட்டுப் புத்தகமும் வாங்கினார்கள். நான் பட்டம் வாங்கியது அதில்தான். என் தங்கை சேபெட் விடுதியில் தங்கிப் படிப்பதும் அதில்தான். வீட்டுக்கு ஒரு நம்பர் என்பது சொசைட்டியின் வழக்கம். டிராக்டர் வந்தால் அந்தப் பாலும் புருஷன் நம்பரில் விழும்.

அரப் மெலி சிரித்தார். “பேசணும்னா குழுவுல வந்து உக்காந்து பேசும்மா.”

“வர்றேன்,” என்றேன்.

நாளை, சனிக்கிழமை, எங்கள் வட்டத்துக்கு இயக்குநர் தேர்தல். வேட்புமனு கொடுக்க இன்று நான்கு மணி வரைதான் நேரம். நிற்பவர் உறுப்பினராக இருக்க வேண்டும். என்னிடம் பட்டம் இருக்கிறது. நம்பர் இல்லை.

அப்பா கேனைச் சைக்கிளில் கட்டினார். வேலிக் கதவு வரை போனவர், நின்று, திரும்பாமலே கேட்டார்.

“இந்தத் தடவையும் வரிசைதானா? இல்ல, சீட்டுப் போடறதா?”

“வரிசைதான்.”

தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

எங்கள் சொசைட்டியில் ஓட்டுப் பெட்டி கிடையாது. வேட்பாளர்கள் பள்ளி மைதானத்தில் தள்ளித் தள்ளி நிற்பார்கள். யாருக்கு உங்கள் ஓட்டோ அவர் பின்னால் போய் வரிசையில் நிற்க வேண்டும். ஊரே பார்க்கும்.

முடியாது என்று சொன்ன மனிதர் எதற்கு இதைக் கேட்டார்? கோபத்தில் கத்தியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். நானும் கத்தியிருப்பேன். இது முள் மாதிரி தைத்துக்கொண்டது.

“கேட்டுட்டியா? இப்ப மனசு குளிர்ந்துச்சா?” என்றாள் அம்மா.

“வரிசையான்னு ஏம்மா கேட்டாரு?”

“வாளியைக் கழுவி வை.”

* * *

சொசைட்டிச் செயலாளர் பெத்வெல் இரண்டு வருடம் முன்பு வேறு மாவட்டத்திலிருந்து வந்தவன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவன். நான் உள்ளே நுழைந்ததும் எழுந்து நிற்பதுபோல நடித்தான்.

“வாங்க டிகிரி, வாங்க! நம்பர் கிடைச்சுதா?”

“இல்ல. விதிப் புத்தகம் இருக்கா?”

“இருக்கே. அது மேலதான் டீ கப் வச்சிருக்கேன்.”

கப்பை எடுத்துக் கீழே வைத்துவிட்டுப் படித்தேன். அட்டையில் ஏழெட்டு வட்டக் கறைகள். உள்ளே ஒரு கறையும் இல்லை, யாரும் திறந்ததில்லை. கல்யாணமான பெண் உறுப்பினராகச் சேரக் கணவனின் கடிதம் வேண்டும் என்ற விதி ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது. அதன் மேல் கோடு. ‘நீக்கப்பட்டது.’ தேதி ஐந்து வருடம் பழையது.

“பெத்வெல், இந்தக் கடித விதியை எடுத்தாச்சா?”

“எடுத்தாச்சு.”

“யாருக்காவது சொன்னீங்களா?”

“யாரும் கேக்கலையே.”

அவன் கேலி செய்யவில்லை. உண்மையாகவே சொன்னான். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஆனால் அந்த விதி போனதால் எனக்கு லாபமில்லை. வேட்பாளர் பன்னிரண்டு மாதம் தன் நம்பரில் பால் ஊற்றியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அப்படி ஊற்றியவரின் நம்பரை எழுதி வாங்கியிருக்க வேண்டும். இன்றைக்குச் சேர்ந்து இன்றைக்கே நிற்க வழியில்லை.

வெளியே மழை பிடித்தது. நின்ற இடத்தில் சுவரில் ஒட்டியிருந்த எங்கள் வட்டத்து வாக்காளர் பட்டியலைப் படிக்க ஆரம்பித்தேன். மேட்டுச் சாலைப் பால்கூடத்துக்கு மூன்று தாள், ஆற்றங்கரைப் பால்கூடத்துக்கு இரண்டு தாள். எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்று பார்க்க ஒரு குறுகுறுப்பு. எண்ணினேன். இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் இருபத்து மூன்று பெண்கள். ஒவ்வொரு பெண் பெயருக்குப் பக்கத்திலும் ஒரே வார்த்தை.

“பொம்பளைக்கு நம்பர் வேணும்னா முதல்ல புருஷன் சாகணுமா?”

“இதுவரைக்கும் அப்படித்தான் நடந்திருக்கு,” என்றான் பெத்வெல், டீயை உறிஞ்சிக்கொண்டே.

ஆற்றங்கரையின் கடைசித் தாளில், கடைசிக்கு மேலே நாலாவது வரி.

‘388. தப்சுபெய். அரப் பிர்கெனின் விதவை.’

மூன்று தடவை படித்தேன். என் அம்மாவின் பெயர் தப்சுபெய். அரப் பிர்கென் என் அப்பா. இன்று காலை ஏழு மணிக்கு அவர் என் கண் முன்னால் கேனை மூடினார்.

இந்த மலையில் பிர்கென் என்று ஆறேழு குடும்பம் இருக்கிறது. தப்சுபெய்களும் உண்டு. இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு சேர்ந்த தேதியைப் பார்த்தேன். பத்து வருடம் முந்தைய ஜனவரி. நான் பெட்டியும் மெத்தையும் தூக்கிக்கொண்டு உயர்நிலைப் பள்ளி விடுதிக்குப் போன மாதம்.

“388 யாரு பெத்வெல்?”

“ஆத்தங்கரைப் பக்கம் ஒரு விதவை. நான் பாத்ததில்ல. தினமும் பால் வரும், ஒரு நாள் தவறினதில்ல. நல்ல கெட்டிப் பால். ஏன், சொந்தமா?”

“தூரத்துச் சொந்தம்.”

அதோடு விட்டிருக்கலாம். இருந்தாலும் கேட்டேன். “பொய்யான விவரம் குடுத்து ஒருத்தர் சேர்ந்திருந்தா என்ன பண்ணுவீங்க?”

“குழு உக்காந்து ஒரே நாள்ல நீக்கிடும். ஆனா அவர் வேட்பாளரா ஆயிட்டா குழு தொட முடியாது. பொதுக்கூட்டம்தான் முடிவு பண்ணணும்.” கப்பைக் கீழே வைத்தான். “யாரைப் பத்திக் கேக்கற?”

“பொதுவாத்தான்.”

“தேர்தலுக்கு முந்தின நாள் மத்தியானம் இதையெல்லாம் யாரும் பொதுவாக் கேக்கறதில்ல, டிகிரி.”

ஒரு வேட்புமனுத் தாளை வாங்கி மடித்துக்கொண்டு மழையிலேயே இறங்கினேன்.

* * *

அம்மா சமையல் குடிசையில் உட்கார்ந்து சுரைக்குடுவையின் உட்புறத்தைக் கரிக்குச்சியால் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கரியில்தான் முர்சிக்கின், எங்கள் புளிப்புப் பாலின், ருசி இருக்கிறது. உறைந்த பாலை அதில் ஊற்றி வைப்போம்.

“முன்னூத்தி எண்பத்தெட்டு,” என்றேன்.

குச்சி நின்றது. அம்மா குடுவைக்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தாள், ஏதோ பதில் உள்ளே இருப்பது மாதிரி.

“லிஸ்ட்டைப் படிச்சியா?”

“மழை பெய்ஞ்சுது.”

“அந்த லிஸ்ட்டை யாருமே படிக்க மாட்டாங்கன்னு இருந்தேன். படிக்கற ஒருத்தியை நானே பெத்து வச்சிருக்கேன்.”

“அம்மா, அப்பா செத்துட்டாருன்னு சொன்னியா?”

“சொன்னேன்.” மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள். “அப்ப இருந்த கிழட்டுச் செயலாளர் கேட்டாரு, புருஷன் கடிதம் எங்கன்னு. புருஷன் இல்ல, செத்துட்டாருன்னேன். ஐயோ பாவம்னு ஒரு கப் டீ குடுத்தாரு. குடிச்சேன். வீட்டுக்கு வந்து உங்கப்பாவுக்கு ஒரு கப் போட்டுக் குடுத்தேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் பயமும் வந்தது. உயிரோடு இருக்கும் ஆளைச் செத்தார் என்று எங்கள் ஊரில் விளையாட்டுக்குக்கூட யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்ன நாக்கைச் சும்மா விட மாட்டார்கள்.

“பக்கத்து வீட்டு டீச்சருங்களுக்குப் பால் விக்கிறேன்னு சொன்னியே?”

“டீச்சருங்க மாசக் கடைசில குடுக்க மாட்டாங்க. உன் பள்ளிக்கூடம் முதல் நாளே கேட்டுச்சு. சாயங்காலப் பாலை ஓடைத் தண்ணில ராத்திரி முழுக்க இறக்கி வச்சேன். விடியறதுக்கு முன்னாடி ஆத்தங்கரைக்குத் தூக்கிட்டுப் போனேன். உங்கப்பா மேட்டுக்குப் போவாரு, நான் பள்ளத்துக்குப் போவேன். பத்து வருஷம்.”

ஓடைத் தண்ணீரில் பால் எத்தனை மணி நேரம் கெடாமல் இருக்கும் என்று மூன்றாம் ஆண்டில் எனக்குப் பரீட்சையில் கேட்டார்கள். பதில் எழுதத் திணறினேன். விடை எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

“அந்த நம்பரை எனக்கு எழுதிக் குடு. நான் நிக்கறேன்.”

“எழுதிக் குடுத்தா சொசைட்டி வாசல்ல ஒட்டுவாங்க. ‘ஜெரோனோ, அரப் பிர்கெனோட விதவையின் மகள்’னு. உங்கப்பா அந்த வழியாத்தான் தினமும் சைக்கிள் ஓட்டறாரு.”

“அவரு படிக்க மாட்டாரு.”

“படிச்சுச் சொல்ல ஆளா இல்ல?”

“ஏழு வருஷம் முன்னாடியே சொல்லியாச்சு,” என்றது ஒரு குரல்.

அப்பா. வாசலில். மழைக் கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

அம்மா குடுவையை மடியில் வைத்துக்கொண்டாள். அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

அப்பா உள்ளே வந்து விறகுக் கட்டின் மேல் உட்கார்ந்தார். “மெலிதான் சொன்னான். ஒரு விருந்துல. ‘ஏண்டா, உன் சாவுக்கு எனக்குச் சொல்லி அனுப்பவே இல்லையே’ன்னான். நானும் சிரிச்சேன். அப்புறம் லிஸ்ட்டைக் காட்டினான்.”

அரப் மெலியும் அப்பாவும் ஒரே சடங்கில் சேர்ந்து ஆண்பிள்ளைகளானவர்கள். ஒரே பருவத்துத் தோழர்கள் ஒருவருக்கெதிராக ஒருவர் நிற்க மாட்டார்கள். அப்பா ஒவ்வொரு தேர்தலிலும் மெலியின் வரிசையில் முதல் ஆளாக நிற்பது அதனால்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

“அவன் ஒண்ணும் மிரட்டல,” என்றார் அப்பா. “‘இது என்கிட்டயே இருக்கட்டும். நீ எப்பவும் என் பின்னால நில்லு’ன்னான். அவ்வளவுதான்.”

“அதுக்குப் பேரு மிரட்டல்தாம்பா.”

“உன் புத்தகத்துல இருக்கலாம்.”

“எந்தப் புத்தகத்துலயும் அதான் பேரு.”

அம்மா என்னைக் கையமர்த்தினாள். அப்பாவைப் பார்த்துக் கேட்டாள். “ஏழு வருஷமா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல.”

“சொன்னா நீ நம்பரை விட்டிருப்ப. விட்டா இவ படிப்பு நின்னிருக்கும்.” கோட்டின் ஓரத்தைப் பிழிந்தார். “ஜெரோனோ அம்மா, எனக்குக் கோபம் இல்லன்னு நினைக்காத. முதல் மூணு மாசம் உன் கையால டீ குடிக்கவே பிடிக்கல. செத்தவனுக்குப் போட்ட டீ மாதிரி இருந்துச்சு.”

“அந்த மூணு மாசமும் நான் போட்ட டீ எல்லாத்தையும் குடிச்சீங்க.”

“குடிச்சேன். வேற யார் போடுவா?”

அம்மா குடுவையை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். பிறகு கேட்டாள். “அப்ப உங்ககிட்ட வந்து கடிதம் கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?”

அப்பா யோசித்தார். பொய் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் அந்த இடத்தில் பொய்தான் சொல்லியிருப்பேன்.

“மாட்டேன்,” என்றார்.

அம்மா தலையை ஆட்டினாள். அவர்மேல் எனக்குக் கொதித்துக்கொண்டு வந்தது. அதோடு சேர்த்து, இந்த மனிதர் யார் என்று புதிதாகப் பார்க்கவும் தோன்றியது. பெண்டாட்டி தன்னைச் சாகடித்ததைத் தெரிந்துகொண்டு, அந்தச் சாவைக் காப்பாற்றுவதற்காக ஏழு வருடம் இன்னொருவன் முதுகைப் பார்த்து நின்றிருக்கிறார். அதே மனிதர் இன்று காலை எனக்கு நம்பர் கிடையாது என்றார். இரண்டும் ஒரே ஆள்தான்.

“ஜெரோனோ, மூணு வருஷம் பொறு,” என்றார் அப்பா. “மெலிக்கு வயசாச்சு, அடுத்த தடவை நிக்க மாட்டான். அப்ப என் நம்பரையே எழுதித் தர்றேன். இப்ப நீ அவனுக்கு எதிரா நின்னா மைதானத்துல வச்சே சொல்லிடுவான். உங்கம்மா நம்பரும் போகும், மானமும் போகும்.”

“மூணு வருஷத்துல டிராக்டர் ஆயிரம் சாயங்காலம் வந்துட்டுப் போயிடும்பா. சேபெட் படிப்பு?”

அப்பா கோட்டை மறுபடி பிழிந்தார்.

அம்மா எழுந்து மாவு டப்பாவுக்குள் கையை விட்டாள். பிளாஸ்டிக் உறையில் ஓர் அட்டை. தட்டி மாவை உதறி என்னிடம் நீட்டினாள். “இந்தா. உன் பேர்ல எழுதிக்கோ. வர்றது வரட்டும்.”

வாங்கினேன். அட்டையில் பத்து வருடம் முந்தைய அம்மா. தலைத்துணியில்லாமல், கேமராவைப் பார்த்து முறைத்துக்கொண்டு.

ஒரு வாரமாக என் பெயரை அந்தத் தாளில் மனதுக்குள் எழுதி எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெரோனோ, இயக்குநர். அரப் மெலியின் நாற்காலியில் நான். பொய் சொல்லவில்லை, அந்த ஆசை எனக்கு நிறையவே இருந்தது. ஆனால் என் பெயரை எழுதினால் நான் விதவையின் மகளாகத்தான் நிற்க முடியும். பொய் அப்படியே இருக்கும். கயிறு மெலியின் கையிலேயே இருக்கும். பொய் சொல்லிச் சேர்ந்த அம்மா வேட்பாளர் இல்லை என்பதால், மைதானத்துக்கு வருமுன்பே இன்று ராத்திரி குழுவைக் கூட்டி 388-ஐ அவர் நீக்கிவிடலாம். வேட்பாளரை நீக்கத்தான் அவருக்கு அதிகாரம் இல்லை.

“அம்மா, கடித விதியை எடுத்து அஞ்சு வருஷம் ஆச்சு. புருஷன் உயிரோட இருந்தாலும் பொண்டாட்டி மெம்பரா இருக்கலாம்.”

“யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. அதான் விஷயம்.” தாளைப் பிரித்து அவள் முன்னால் வைத்தேன். “விதவைன்னு எழுதாம மனைவின்னு எழுதறேன். வேட்பாளர் தப்சுபெய். நாளைக்கு மெலி ‘இவ புருஷனைச் சாகடிச்சவ’ன்னு சொல்றதுக்கு முன்னாடி நீயே மைதானத்துல சொல்லணும். ஏன் சொன்னேங்கறதையும் சொல்லணும். வரிசைக்கு முன்னால நிப்பியா?”

“நானா?” என்றாள். “எனக்கு மூணாம் வகுப்பு.”

“பாலைப் பத்தித்தான் பேசப் போறோம். உன்னைவிட யாருக்கு என்ன தெரியும்?”

அப்பா எழுந்துவிட்டார். “உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? ஊர் முன்னாடி உங்கம்மா போய்...”

“நிக்கறதுக்கு என்ன,” என்றாள் அம்மா, அவர் பக்கம் திரும்பாமல். “காலு இருக்கு.” என் கையிலிருந்த பேனாவை வாங்கினாள். ஒவ்வொரு எழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். “முன்மொழிய ரெண்டு மெம்பர் வேணும்ல? போற வழில ஆத்தங்கரைல தப்லெலெய் வீட்ல நில்லு. அவ ஒண்ணு போடுவா, இன்னொருத்தியைக் கூட்டிட்டு வருவா.”

“அவங்களுக்குத் தெரியுமா?”

“ஆத்தங்கரைல பால் ஊத்தற அத்தனை பொம்பளைக்கும் தெரியும். விதவைங்க, வாயைத் திறக்கல.”

மணி மூன்றேகால். வாடகை பைக் ஓட்டுபவனுக்கு போன் செய்தேன், வேலியடியில் நிற்பதாகச் சொன்னான். தாளையும் அட்டையையும் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுச் சட்டைக்குள் செருகினேன்.

அப்பா வாசலை மறைத்து நின்றார். தடுக்கிறாரா, ஒதுங்க மறந்துவிட்டாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

“மெலி என் தோழன்,” என்றார். “இவ என் பொண்டாட்டி. நாளைக்கு நான் எங்க நிக்கறது, புள்ள?”

கேட்டது என்னிடம். பார்த்தது அம்மாவை. அம்மா குடுவையை எடுத்து மறுபடி தேய்க்க ஆரம்பித்திருந்தாள்.

“தெரியலப்பா,” என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. தெரிந்துகொள்ள எனக்கும் ஆசையாக இருந்தது. “வழி விடுங்க. நாலு மணிக்கு மூடிடுவான்.”

அவர் ஒரு அடி நகர்ந்தார். நான் அவரைத் தாண்டி மழையில் இறங்கினேன்.